மஞ்சணத்தி மரத்துக்கு இந்தப் பக்கம்

அப்பளத் தெரு முடிகிற இடத்தில் சண்முகக்கனியின் வீடு இருந்தது, அதைத் தாண்டி ஒரு கல்யாணப் பந்தல் போடும் அளவுக்குப் பொட்டல் இருந்தது, பொட்டலின் நடுவில் ஒரு மஞ்சணத்தி மரம் இருந்தது, பொட்டலுக்கு அந்தப் பக்கம் அவளுடைய மாமனார் வீடு தனியாக இருந்தது. ஒரு பங்குனி மாதக் காலையில் பால்காரர் ரத்தினம் கனியின் வீட்டுக்குப் பால் ஊற்றிவிட்டு, மாமனார் வீட்டுக்குப் போகச் சைக்கிளை மிதித்து, மிதித்து, சங்கிலி கழன்று, அதை மாட்டி, வியர்வையைத் துடைத்து, மறுபடியும் மிதித்துப் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயிலாகியிருந்தது. பால் திரிந்துபோயிருந்தது.

வாசலில் கனியின் நாத்தனார் தவமணி நின்றிருந்தாள்.

"தாயி, இனிமே உங்க வீட்டுக்குத் தயிர்தான் ஊத்தமுடியும் போலிருக்கு" என்றார் ரத்தினம்.

தவமணி சிரித்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. திரும்பி வரும்போது பொட்டல் பழைய அளவுக்கே வந்துவிட்டிருந்தது, ரத்தினம் நாலு மிதியில் தெருவுக்கு வந்து, கனியிடம் ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, நடந்ததைச் சொல்லிவிட்டு, திரிந்த பாலோடு வீட்டுக்குப் போனார்.

தவமணி தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்கிறவள் என்பது மாசி மாதம்தான் தெருவுக்குத் தெரியவந்தது. சில நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள், மதுரையில் ஒரு டாக்டரம்மாவைப் பார்த்துப் பேசிவிட்டு வர ஆரம்பித்தாள், அப்பாவோடு பொட்டலுக்கு அந்தப் பக்கம் இருந்தாள். அவளுக்கு மனம் சரியில்லாத நேரத்தில் பொட்டல் நீளும், சரியானால் சுருங்கும் என்பதைத் தெரு ஒரு வாரத்தில் புரிந்துகொண்டது. நகராட்சியிலிருந்து ஒருவர் வந்து சங்கிலி போட்டு அளந்தார், சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடியும் அளந்தார், சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு, "இதை நான் பார்க்கல, நீங்களும் சொல்லல" என்று போய்விட்டார். அதோடு சர்க்காரின் பங்கு முடிந்தது.

தெருவுக்குப் புரிய நாளானது வேறொன்று. பெரிய துக்கத்துக்குத்தான் பெரிய தூரம் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அப்படி இல்லை. காபி ஆறிப்போனால் ஒரு தெரு நீளம் கூடும், நாய் ஒன்று வாலாட்டினால் பாதி குறையும், பழைய சிநேகிதி போனை எடுக்காவிட்டால் அந்த வீடு கண்ணுக்கே தெரியாமல் போகும், அதே சிநேகிதி ராத்திரி திருப்பிக் கூப்பிட்டுவிட்டால் வீடு ஓடி வந்து மஞ்சணத்தியின் பின்னால் நிற்கும், காலையில் எழும்போது எந்தக் காரணமும் இல்லாமல் மறுபடி தூரத்தில் இருக்கும். ஒரே நாளில் போய்வந்து, போய்வந்து, கடலே பார்க்காத அந்த ஊரில் ஒரு கடல் மாதிரி அந்தப் பொட்டல் இருந்தது.

கனியின் மாமனார் இதையெல்லாம் பொருட்படுத்தவில்லை. "தூரமா? நான் லாரியில கல்கத்தா வரைக்கும் போனவன்" என்று சொல்லிவிட்டுக் கட்டிலில் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

அப்பளத் தெருவில் எல்லா வீட்டிலும் அப்பளம் தேய்ப்பார்கள். தேய்ப்பதற்குக் கை இருக்கிறது, காயப்போடத்தான் இடம் இல்லை. மொட்டைமாடிக்குச் சண்டை, சாக்கடை ஓரத்துக்குச் சண்டை, கோயில் முன்மண்டபத்துக்குப் பூசாரியோடு சண்டை என்று தலைமுறையாக அடித்துக்கொண்ட தெருவுக்கு, தவமணியின் மனம் கனக்கிற நாளில் கண்ணுக்கெட்டிய மட்டும் வெறும் தரை கிடைத்தது. முதலில் கூச்சப்பட்டார்கள். பிறகு குருவத்தாய் ஒரு பாயை விரித்தாள். மறுநாள் எல்லாரும் விரித்தார்கள்.

விரித்தபின் மனசாட்சி உறுத்தியது. ஒரு பெண் பிள்ளையின் வேதனையில் நாம் உளுந்து அப்பளம் காயவைக்கிறோமே என்று யாரோ கேட்க, தண்ணிக்குழாயடியில் கூடிப் பேசி ஒரு வழக்கம் ஏற்படுத்தினார்கள். பொட்டலில் அப்பளம் காயப்போடுகிறவர் யாராக இருந்தாலும், காயப்போட்ட கையோடு நடந்துபோய்த் தவமணியோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வரவேண்டும். புத்தி சொல்லக்கூடாது. சும்மா உட்காரவேண்டும். அதுதான் அந்தத் தரைக்கு வாடகை.

ஆனால் உட்கார்ந்தால் அவளுக்கு மனம் லேசாகும், லேசானால் பொட்டல் சுருங்கும். ஒருநாள் குருவத்தாய் தன் புருஷன் பல்செட்டைத் தேடிய கதையைச் சொல்ல, தவமணி சட்டென்று சிரித்துவிட, தரை மடமடவென்று உள்வாங்கி, நாலு வீட்டு அப்பளமும் மஞ்சணத்தி மரத்தடியில் ஒரே குவியலாக வந்து விழுந்துவிட்டது. யாருடையது யாருடையது என்று அன்று நடந்த சண்டை பூசாரி சண்டையைவிடப் பெரியது. அதற்குப் பிறகுதான் தட்டு வந்தது. தவமணியின் கையில் ஒரு பித்தளைத் தாம்பாளமும் ஒரு கரண்டியும் கொடுத்தார்கள். தூரம் கூடப்போகிறது என்று தெரிந்தால் மெதுவாக, விட்டுவிட்டுத் தட்டவேண்டும். குறையப்போகிறது என்று தெரிந்தால் வேகமாகத் தட்டவேண்டும். மெதுவாகத் தட்டினால் தெரு பாயைத் தூக்கிக்கொண்டு விரிக்க ஓடும். வேகமாகத் தட்டினால் அள்ள ஓடும். தன் மனம் எந்தப் பக்கம் திரும்பப்போகிறது என்று ஒரு நிமிஷம் முன்னால் கண்டுபிடிக்கத் தவமணி கற்றுக்கொண்டாள். டாக்டரம்மா அந்தத் தாம்பாளத்தைப் பற்றிக் கேட்டுவிட்டு, யார் யோசனை என்று விசாரித்தாராம். "எங்க தெருவோடதுதான், அப்பளம் நொறுங்கக்கூடாதுன்னு" என்றாளாம் தவமணி.

இதையெல்லாம் கனி தன் வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் வீட்டைத் தாண்டித்தான் எல்லாரும் போகவேண்டும். போகிறவர்கள் அவள் வாசலில் நின்று பொட்டலைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கி, "இன்னிக்கு எம்புட்டுத் தூரம், கனி?" என்று கேட்பார்கள். அவள் சொல்லுவாள். வருகிறவர்கள் அவளிடம் தண்ணீர் வாங்கிக் குடித்து, "பாவம், நல்ல பிள்ளை" என்று தவமணியைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போவார்கள். போகும்போது ஒருவர், வரும்போது ஒருவர், தூறல் நாளில் குடையோடு ஒருவர், வெயில் நாளில் மோர்ச்செம்போடு ஒருவர். நீ எப்படி இருக்கிறாய் என்று கனியிடம் எவரும் கேட்டதில்லை. கேட்க என்ன இருக்கிறது? அவள் வீடு எப்போதும் இருந்த இடத்தில் இருந்தது.

பொறாமை என்று அதற்குப் பெயர் வைக்கக் கனிக்கே வெட்கமாக இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த ஒரு பெண்ணைப் பார்த்து யாராவது பொறாமைப்படுவார்களா? ஆனால் அது இருந்தது. உளுந்து மாவு கையில் ஒட்டுவதுபோல ஒட்டிக்கொண்டு, கழுவினாலும் நகத்தடியில் மிச்சமிருந்தது. ஏனென்றால் தவமணிக்கு இருந்தது எல்லாம் கனிக்கும் இருந்தது. தையல் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்த வயதில் தொடங்கியது, கல்யாணமாகி வந்த பிறகும் கொஞ்ச காலம் இருந்தது, பெரியவன் பிறந்த பிறகு அவளாகவே பல்லைக் கடித்துக்கொண்டு நிறுத்தியது. தொடங்கியதும் யாருக்கும் தெரியாது, நிறுத்தியதும் யாருக்கும் தெரியாது. அந்தத் தெருவில் அப்பளம் பொரித்துப் பார்க்காத வீடு கிடையாது, எண்ணெய் தெறிக்காத கையும் கிடையாது. அத்தனை கைகளுக்கு நடுவில் அவள் கை தொலைந்துபோயிருந்தது.

நிறுத்திவிட்டாள் என்றாலும் அது போய்விடவில்லை. காலையில் மாவு இடிக்கும்போது நன்றாகத்தான் இருப்பாள். பத்து மணிக்கு மாமியார் வழியில் யாரோ சொன்ன பழைய வார்த்தை ஒன்று நினைவுக்கு வந்து நெஞ்சில் குறுக்கே படுத்துக்கொள்ளும். பிள்ளைகளின் சாப்பாட்டு டப்பா காலியாக வந்தால் எழுந்து நகரும். மூன்று மணிக்கு ஒரு காரணமும் இல்லாமல் பழைய நினைப்பு வந்து பக்கத்தில் உட்காரும். குழாயில் தண்ணீர் வந்துவிட்டால், குடம் வைக்கிற அவசரத்தில், அது போன இடம் தெரியாது. நாள் முழுக்க இப்படி ஏறி இறங்கி, ஏறி இறங்கி, ராத்திரி பாயை விரிக்கும்போது ஒரு ஊருக்குப் போய்வந்த அலுப்பு உடம்பில் இருக்கும். இதற்கு ஒரு தாம்பாளம் உண்டா? ஒரு தரை நீண்டதா?

ஒரு தடவை அவள் சோதித்துக்கூடப் பார்த்தாள். மனம் மிகவும் மோசமாக இருந்த ஒரு மூன்று மணிக்கு, வாசற்படிக்கு எதிரே ஒரு செங்கலை வைத்துவிட்டு, இடுப்பில் கைவைத்து நின்று, வீடு நகர்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். செங்கல் இருந்த இடத்தில் இருந்தது. வீடு இருந்த இடத்தில் இருந்தது. குருவத்தாய் வந்து, "என்னடி, படி கட்டப்போறியா?" என்றாள்.

அவளுக்கு மிஞ்சியது கொடிக்கயிறு மட்டும்தான். அவள் வீட்டு ஜன்னல் கம்பியிலிருந்து மஞ்சணத்தி மரம் வரை ஒரு கொடி கட்டித் துணி காயப்போடுவாள். அந்தப் பக்கத்திலிருந்து தவமணியும் அதே மரத்துக்கு ஒரு கொடி கட்டியிருந்தாள். பொட்டல் நீள ஆரம்பித்ததிலிருந்து கனியின் கயிறு அடிக்கடி அறுந்துகொண்டிருந்தது. துவைத்த துணி மண்ணில் கிடக்கும். "இவ ஒருத்தி மூஞ்சியைத் தூக்கி வச்சா என் துணி மண்ணாகணுமா" என்று திட்டிக்கொண்டே மறுபடி துவைப்பாள். மரம் கிட்டே இருக்கிறதா, தள்ளி இருக்கிறதா என்றெல்லாம் அவளோ மற்றவர்களோ பார்க்கவில்லை. அப்பளம் காயப்போடுகிறவர்கள் வெயிலைப் பார்ப்பார்கள், காக்காயைப் பார்ப்பார்கள், மரத்தை எதற்குப் பார்க்கிறார்கள்?

சில நாட்களில் தட்டுச் சத்தம் வராமலே பொட்டல் நீண்டுகிடக்கும். குருவத்தாய் மூச்சிரைக்க நடந்துபோய், "ஏத்தா, தட்டுறதுக்கு என்ன கேடு? முன்னாடியே தெரிஞ்சா இன்னும் ரெண்டு பாய் கொண்டுவந்திருப்பேன்ல?" என்று கேட்டால், தவமணி, "நான் நல்லாத்தானேக்கா இருக்கேன்" என்பாள். யாரும் நம்பமாட்டார்கள். கூச்சப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டு கூடக் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவார்கள். அந்தக் கூடக் கொஞ்ச நேரமும் கனியின் கணக்கில் ஏறும்.

ஆடி மாதத்தில் ஒரு சாயங்காலம். கனி அடுப்படியில் உட்கார்ந்து தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது, ஏன் என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை, துடைக்கவும் தோன்றவில்லை. அவள் கணவன் செல்லப்பாண்டி, அன்று முழுவதும் மொபெட்டில் கடைகடையாக அப்பளம் போட்டுவிட்டு வந்தவன், எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவள் முகத்தைப் பார்த்தான். பார்த்துவிட்டு, "சட்னியில கருவேப்பிலை போடலையா?" என்றான்.

அப்போது பொட்டலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து தட்டுச் சத்தம் கேட்டது. மெதுவாக, விட்டுவிட்டு. செல்லப்பாண்டியின் கை தட்டிலேயே நின்றது. "இன்னிக்கு அவளுக்கு ரொம்ப முடியல. கேளு, ரெண்டாவது தட்டு அமுங்கி வருது" என்றவன், பாதித் தோசையை வைத்துவிட்டு எழுந்து கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டான்.

இரண்டாவது தட்டு அமுங்கி வருவது தெரிகிற காது! கனி பாதித் தோசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்லில் இருந்த தோசை கருகியது.

மறுநாள் காலையில் அவன் சரக்கோடு திண்டுக்கல் போய்விட்டான். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். கனி சீருடைகளைத் துவைத்துக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே திரும்பிய கொஞ்ச நேரத்தில் கயிறு அறுந்து, நாலு வெள்ளைச் சட்டையும் புழுதியில் விழுந்தது. எட்டிப் பார்த்தாள். பொட்டல் நீண்டிருந்தது. நீண்டு, இன்னும் நீண்டு, ஆடிக்காற்றில் புழுதி எழும்பி, மாமனார் வீடு ஒரு தீப்பெட்டியாகி, பிறகு அதுவும் இல்லாமல் போனது. பிறகுதான் தட்டுச் சத்தம் வந்தது, மெதுவாக, விட்டுவிட்டு.

தெரு பாய்களோடு வந்தது. இவ்வளவு பெரிய தரையை அவர்கள் இதுவரை பார்த்ததில்லை. பாய் பாயாக, வேட்டி வேட்டியாக விரித்து, வெள்ளை வெள்ளையாக அப்பளத்தைப் பரப்பிக்கொண்டு போனார்கள். பரப்பி முடித்ததும் குருவத்தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எம்புட்டுத் தூரம் கனி? இன்னிக்குக் கால் கடுக்கும்போலயே" என்று கேட்டாள்.

கனி அந்த வார்த்தையை யோசித்துச் சொல்லவில்லை. அது தானாக வந்தது, ரொம்ப நாளாக வாசலில் காத்திருந்ததுபோல.

"யாரும் போகவேண்டாம்க்கா. நான் இப்பத்தான் போய் உக்காந்துட்டு வந்தேன். தூங்குறா. எழுப்பாதீங்க."

"நீயா போன?" என்றாள் குருவத்தாய்.

"ஏன், நான் போகக்கூடாதா?"

"போகலாம்த்தா, போகலாம். மதினிக்காரி போனாத்தான் நல்லது" என்று குருவத்தாய் சந்தோஷமாகத் திரும்பினாள். மற்றவர்களும் திரும்பினார்கள். தூங்குகிறவள் எப்படித் தட்டுவாள் என்று கேட்க ஒருத்திக்கும் தோன்றவில்லை. கால் வலிக்கு அவ்வளவு நல்ல செய்தி அது.

தட்டுச் சத்தம் மறுபடி வந்தது. கனி உள்ளே போய் ரேடியோவைப் போட்டாள். சத்தம் ரேடியோவுக்கு அடியில் வந்தது. மறுபடியும் வந்தது. தட்டட்டும், தட்டிக் கை ஓயட்டும், ஒருநாள், ஒரே ஒரு நாள், தட்டியும் ஒருவரும் வராமல் இருப்பது எப்படி இருக்கும் என்று அவளுக்கும் தெரியட்டும், எனக்குத் தெரியுமே, எத்தனையோ நாள் தெரியுமே என்று நினைத்துக்கொண்டு கனி மாவைப் பிசைந்தாள், பிசைந்ததையே பிசைந்தாள்.

பிறகு சத்தம் நின்றுவிட்டது.

ரேடியோவை அணைத்துவிட்டுக் கேட்டாள். வாசலுக்கு வந்து கேட்டாள். காற்று மட்டும் இருந்தது. அப்போதுதான் தான் செய்தது என்ன என்பது அவளுக்குக் கையிலும் காலிலும் தெரிந்தது. அங்கே தனியாக இருப்பவளுக்கு இந்த நேரத்தில் பக்கத்தில் எது வந்து உட்கார்ந்திருக்கும் என்று அந்தத் தெருவிலேயே சரியாகத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். மாமனார் தூங்கிக்கொண்டிருப்பார். மாவுக் கையோடு கனி ஓட ஆரம்பித்தாள்.

ஓட்டம் நடையானது. அப்பளப் பாய்களைத் தாண்டினாள், அவை முடிந்தன. வெறும் தரை வந்தது. புல் முளைக்காத, ஆட்டுப் புழுக்கை விழாத, ஒரு காலடியும் படாத புதுத் தரை, அன்று காலையில்தான் பிறந்த தரை, கிண்டிய மண்ணின் வாசனையோடு போய்க்கொண்டே இருந்தது. நடந்தாள். தன் மேல் தனக்கே வந்த வெறுப்பில் தரை இன்னும் கூடியது. தவமணியைத் திட்டினாள், தன்னைத் திட்டினாள், கருவேப்பிலையைத் திட்டினாள், குலசாமியைக் கூப்பிட்டாள், ஒன்றும் ஆகியிருக்கக்கூடாது, ஒன்றும் ஆகியிருக்கக்கூடாது என்று ஒவ்வொரு அடிக்கும் ஒருதரம் சொல்லிக்கொண்டு நடந்தாள். திரும்பிப் பார்த்தபோது அவளுடைய வீடு ஒரு கடுகாக இருந்தது. அவள் வீட்டை அவள் அவ்வளவு தூரத்திலிருந்து பார்த்ததே இல்லை. அதில் யாரோ ஒருத்தி தனியாக இருக்கிறாள் என்பதுபோல அவளுக்குப் பாவமாக இருந்தது.

கடைசியில் மஞ்சணத்தி மரம் வந்தது. அதன் கிளையில் அவளுடைய கொடிக்கயிற்றின் மறுபாதி அறுந்து தொங்கிக்கொண்டிருந்தது.

கனி மரத்தைச் சுற்றி அந்தப் பக்கம் போனாள். அங்கே, மரத்திலிருந்து தவமணியின் கொடிக்கயிறு விறைப்பாகக் கட்டியபடி இருந்தது. அதில் ஒரு சேலையும் மாமனாரின் வேட்டியும் காய்ந்துகொண்டிருந்தன. கயிற்றின் மறுமுனையில், கூப்பிடு தூரம்கூட இல்லை, பத்து எட்டில் போகும் தூரத்தில், மாமனார் வீடு அப்படியே இருந்தது. கட்டிலில் அவர் குறட்டை விடுவது கேட்டது. மரத்தடியில் தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு தவமணி உட்கார்ந்திருந்தாள்.

"வந்துட்டீங்களா மதினி" என்றாள். "உக்காருங்க."

கனிக்கு மூச்சு வாங்கியது. தவமணியைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். "ஒனக்கு... ஒண்ணும் இல்லையே?"

"எனக்கென்ன? காலையில இட்லி சாப்பிட்டேன். நாலு."

"அப்புறம் எதுக்குடி தட்டின?"

தவமணி அறுந்த கயிற்றைக் காட்டினாள். பிறகு அறுந்துபோகாத கயிற்றைக் காட்டினாள்.

"என் தூரம் மரத்துக்கு எங்க வீட்டுப் பக்கம் மதினி. என் நாளா இருந்தா என் கொடி அறுந்துரும். எத்தனை தடவ கட்டியிருக்கேன், முடிச்சப் பாருங்க. இது உங்க கொடி. ரொம்ப நாளா பார்த்துக்கிட்டிருக்கேன். நான் நல்லா இருக்கிற நாள்லயும் தரை நீளுது. எல்லாரும் வந்து என்கிட்ட உக்காந்துட்டுப் போறாங்க. நல்லாத்தான் இருக்கேன்னு சொன்னா நம்பமாட்டேங்கிறாங்க. யாரோடதுன்னு இங்க உக்காந்து பார்த்தேன்."

கனி தன் கயிற்றின் அறுந்த நுனியைப் பிடித்துப் பார்த்தாள்.

"இன்னிக்கு மாதிரி நீண்டு நான் பார்த்ததில்ல. பயந்துபோயிட்டேன். நடந்து வந்தேன் மதினி, இந்த மரம் வரைக்கும்தான் வரமுடிஞ்சது. அதுக்கு மேல நடக்க நடக்கத் தரை கூடிக்கிட்டே போகுது, நீங்க விடல. அதான் தட்டுனேன். உங்ககிட்ட யாராவது போகட்டும்னு தட்டுனேன். ஒருத்தருமா வரல?"

ஒருத்தரும் வரவில்லை. கனிதான் எல்லாரையும் திருப்பி அனுப்பிவிட்டாள். அவள் அழவேண்டும் என்று நினைத்தாள், சிரிப்பு வந்தது, சிரிக்கப் பார்த்தாள், அழுகை வந்தது. மரத்தடியில் உட்கார்ந்தாள்.

"நான்தான் போகவேண்டாம்னு சொன்னேன். நீ தூங்குறேன்னு சொன்னேன்."

"ஏன்?"

"ஒன்மேல பொறாமை."

தவமணி கொஞ்ச நேரம் தாம்பாளத்தின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தாள். "என்மேலயா?" என்றாள். "உங்களுக்கு வேற ஆளே கிடைக்கலையா மதினி?"

"கிண்டல் பண்ணாதடி."

"உங்களுக்கு என்னைப் பிடிக்காதுன்னு தெரியும்."

"பிடிக்கத்தான் இல்ல."

"தெரியும்னு சொல்றேன்ல?" தவமணி அவள் கையைப் பார்த்தாள், காய்ந்த மாவுக்கு மேலே. "கையையும் பார்த்திருக்கேன். கல்யாணம் ஆகி வந்த புதுசுலயே பார்த்தேன். மத்தவங்களுக்குத்தான் அது எண்ணெய்."

இத்தனை வருஷம் கழித்து ஒருவர் அதைச் சொன்னால் எப்படி இருக்கும் என்று கனி பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறாள். தரை பிளக்கும் என்று நினைத்திருந்தாள். தரை பிளக்கவில்லை. ஒரு எறும்பு அவள் கால் கட்டைவிரலில் ஏறி இறங்கிப் போனது. மாமனார் குறட்டையை நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கினார்.

"எப்பவாச்சும் விட்டுப்போகுமா?" என்று கனி கேட்டாள்.

"எனக்கென்ன தெரியும்? டாக்டரம்மாகிட்ட வாங்க, கேப்போம். வியாழக்கிழமை பஸ்ஸுல ரெண்டு பேரா போனா எனக்கும் பேச்சுத் துணை. காலையில விட்டுப்போகுது, மத்தியானம் வந்துடுது. வர்றப்பத் தட்டுறேன். அவ்வளவுதான்." தவமணி சட்டென்று நிமிர்ந்தாள். "மதினி, தரை அசையுது."

அசைந்தது. மரத்துக்கு இந்தப் பக்கம், கனியின் பக்கம், புதுத் தரை ஓரமாகச் சுருங்க ஆரம்பித்திருந்தது. மெதுவாகத்தான். ஆனால் எங்கோ தொலைவில் வெயிலில் வெள்ளையாகப் பரப்பிக்கிடந்தது நாலு வீட்டு அப்பளமோ ஐந்து வீட்டு அப்பளமோ இல்லை. தெருவின் ஒரு வாரப் பிழைப்பு.

"தட்டு, தட்டு!" என்றாள் கனி.

தவமணி தாம்பாளத்தையும் கரண்டியையும் அவள் மடியில் வைத்தாள். "இது என் தரை இல்லையே."

"விளையாடாத. நொறுங்கிரும்டி எல்லாம்."

"அப்ப தட்டுங்க."

தட்டினால் தெரு முழுக்கத் திரும்பிப் பார்க்கும். யார் தட்டுவது என்று பார்ப்பார்கள். ஏன் என்று கேட்பார்கள். செல்லப்பாண்டிக்குச் சொல்வார்கள். கையில் இருப்பது எண்ணெய் பட்டது இல்லை என்று தெரிந்துபோகும். தட்டாவிட்டால் குருவத்தாயின் அப்பளம் அவள் கண் முன்னால் பொடியாகும். கனி கரண்டியை எடுத்தாள். தரை இன்னும் ஒரு பாய் அளவு உள்ளே வந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு ஓங்கித் தட்டினாள்.

தட்டத் தெரியாதவள் தட்டிய தட்டு அது. தாறுமாறாக, ஒன்றின்மேல் ஒன்று ஏறி, கரண்டி வளைகிற மாதிரி தட்டினாள். தட்டிக்கொண்டே எழுந்து தெருவை நோக்கி நடந்தாள், நடக்கிற வேகத்துக்குத் தரை குறைந்துகொண்டே வந்தது, தவமணி பின்னால் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "அள்ளுங்க, அள்ளுங்க!" என்று கத்திக்கொண்டு வந்தாள். தெருவே பாய்ந்து வந்து பாய்களைச் சுருட்டியது. குருவத்தாய் இரண்டு கையிலும் அப்பளத்தை அணைத்துக்கொண்டு நிமிர்ந்து, தாம்பாளம் யார் கையில் இருக்கிறது என்று பார்த்தாள். அதற்குப் பின்னால் வெறும் கையோடு வந்த தவமணியைப் பார்த்தாள். ஜன்னல் கம்பியில் தொங்கிய அறுந்த கயிற்றைப் பார்த்தாள். தெருவில் யாருக்கும் எதையும் விளக்கிச் சொல்லவேண்டிய அவசியம் வரவில்லை. அவர்கள் மாதக்கணக்கில் அந்தத் தரையோடு பழகியவர்கள்.

"அப்ப நாம இத்தனை நாளு பாதி வாடகைய வேற வீட்டுல குடுத்திருக்கோம்" என்றாள் குருவத்தாய்.

அன்று சாயங்காலமே குழாயடியில் பேசி முடித்தார்கள். மரத்துக்கு அந்தப் பக்கம் நீண்டால் தவமணியோடு உட்காரவேண்டும், இந்தப் பக்கம் நீண்டால் கனியோடு. இரண்டு பக்கமும் நீண்டால், சுமை கூடுதல்தான், என்ன செய்வது, ஆளுக்கு ஒரு பக்கமாகப் பிரிந்துகொள்ளவேண்டும். பாத்திரக் கடையில் இன்னொரு தாம்பாளம் வாங்கிவந்தார்கள்.

கனிக்குப் பொறாமை போய்விட்டது என்று சொன்னால் பொய். வியாழக்கிழமை பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்கு இருவரும் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். டாக்டரம்மா தவமணியோடு கூடுதல் நேரம் பேசிவிட்டால் திரும்பி வரும்வரை கனி முகத்தைத் திருப்பிக்கொண்டு வருகிறாள். ஆனால் தவமணிக்கும் இப்போது ஒரு குறை வந்திருக்கிறது. "உங்க வீடு தெருவுலயே இருக்கு மதினி. கால் வலிக்குதுன்னு எல்லாரும் உங்க வாசல்லயே உக்காந்துக்கிறாங்க. குருவத்தாயக்கா நேத்து உங்ககிட்ட எவ்வளவு நேரம் உக்காந்திருந்தாங்க? எனக்குத் தெரியும், நான் பார்த்துக்கிட்டுதான் இருந்தேன்" என்று சண்டைக்கு வருகிறாள். கனிக்கு அதைக் கேட்க மிகவும் இனிப்பாக இருக்கிறது.

கொடிக்கயிற்றை இப்போது இரண்டு பேரும் கொஞ்சம் தொய்வாகக் கட்டுகிறார்கள். அப்படியும் அறுகிறது. ஐப்பசியில் ஒரு காலை, மழை விட்டு வெயில் வந்த நேரத்தில் கனியின் கயிறு அறுந்தது. ஏன் என்று அவளுக்குத் தெரியவில்லை, தேடவும் இல்லை. தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றாள். ரொம்ப நேரம் நின்றாள். தட்டுவது அவளுக்கு இன்னும் சுலபமாகவில்லை. பிறகு மெதுவாக, விட்டுவிட்டுத் தட்டினாள்.

உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த செல்லப்பாண்டி எச்சில் கையோடு எழுந்து வந்தான். அவள் தட்டில் எது அமுங்கி வருகிறது, எது எழும்பி வருகிறது என்று அவனுக்கு இன்னும் பிடிபடவில்லை, கற்றுக்கொண்டிருந்தான். அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தான். பொட்டலைப் பார்த்தான், மரத்தைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான்.

"இன்னிக்கு எம்புட்டுத் தூரம் கனி?" என்றான்.

தெரு முழுக்க அவளிடம் கேட்ட கேள்விதான். கனி கண்ணைச் சுருக்கிக்கொண்டு மஞ்சணத்தி மரத்தைப் பார்த்தாள். அது தள்ளித்தான் நின்றது. அதற்கு அந்தப் பக்கத்திலிருந்து யாரோ ஒருத்தி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வருவது, எறும்பளவில், தெரிந்தது.

"நடந்து வர்ற தூரம்தான்" என்றாள்.